இதய நோய்க்குப் பின் மீண்டும் கடல் தொழிலுக்கு: மொரீஷியஸ் மீனவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மாரடைப்பு வந்து பிழைத்தவரும், பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரும், பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவரும் மருத்துவரிடம் முதலில் கேட்பது, மறுபடியும் கடலுக்குப் போகலாமா என்பதைத்தான். மாஹேபூரிலோ, கிராண்ட் கோபிலோ, த்ரூ தோ தூஸிலோ படகு வைத்திருக்கும் ஒருவருக்கு அது பிழைப்பைப் பற்றிய கேள்வி. ஆனால் அந்த வடிவில் கேட்டால் எந்த மருத்துவராலும் பயனுள்ள பதிலைத் தர முடியாது. கரைக்கும் பவளத் திட்டுக்கும் இடையிலுள்ள களப்புக்குள் ஓரிடத்தில் படகை நிறுத்தி, உட்கார்ந்தபடியே தூண்டில் போடுவது மெதுவாக நடப்பதைவிடவும் எளிய வேலை. அதே மனிதர் அதே காலையில், பாறையில் சிக்கிய நங்கூரத்தை விடுவிக்க முயலும்போது அவருடைய இதயம் பல மடங்கு வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

ஆகவே, ஒரு நாள் தொழிலின் சராசரிச் சுமையை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. அந்த நாளில் வரக்கூடிய மிக மோசமான கால் மணி நேரத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும். எஞ்சின் பற்றாமல் கயிற்றைத் திரும்பத் திரும்ப இழுக்கும் கால் மணி நேரம், எதிர்க்காற்றில் திட்டு வாய் (பவளத் திட்டின் இடைவெளி) வழியே களப்புக்குள் திரும்பும் கால் மணி நேரம், தவறித் தண்ணீரில் விழுந்து படகில் ஏற முடியாமல் தவிக்கும் கால் மணி நேரம் ஆகியவற்றை உங்கள் இதயம் தாங்குமா, தாங்காது என்றால் அவற்றை வராமல் தடுக்க முடியுமா என்பதே கேள்வி. கீழே உள்ள படிகள் எல்லாம் இதைச் சுற்றியே அமைந்தவை. இவற்றில் எதுவும் உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரின் சொல்லுக்கு மாற்றாகாது.

முதல் படி: உங்கள் இதயத்தின் நிலையை எழுத்தில் வாங்குங்கள்

பாம்ப்ளமூஸில் உள்ள இதய மையத்திலோ, காந்தோஸ் விக்டோரியா மருத்துவமனையிலோ, வேறு எங்கே சிகிச்சை பெற்றிருந்தாலும், வீடு திரும்பும்போது தரும் சுருக்கக் குறிப்பைப் பத்திரமாக வைத்திருங்கள். அடைபட்ட இரத்தக்குழாய் எது, அடைப்பைத் திறக்க வைத்த ஸ்டென்ட் (சிறு கம்பிவலைக் குழாய்) எத்தனை, இன்னும் திறக்காமல் விட்ட அடைப்பு ஏதேனும் உண்டா, இதயத் துடிப்பில் ஒழுங்கீனம் இருந்ததா என்ற நான்கும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை போகும்போது கேட்டு எழுதி வாங்குங்கள்.

எக்கோ (இதய ஸ்கேன்) பரிசோதனையில் வரும் இதய வெளியேற்ற விகிதம் மிக முக்கியமான எண். இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் எவ்வளவு பங்கை வெளியே தள்ளுகிறது என்பதை அது காட்டுகிறது. 55 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பொதுவாக இயல்பானது என்று கொள்ளப்படுகிறது. 40-க்குக் கீழே இருந்தால் இதயம் பலவீனமாக உள்ளது. 35 அல்லது அதற்கும் கீழே இருந்தால் முன்னறிவிப்பின்றித் துடிப்பு சீர்குலையும் ஆபத்து கூடுகிறது. மாரடைப்பு வந்த வாரத்தில் எடுத்த எக்கோவை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம், ஏனெனில் அதிர்ச்சியில் முடங்கிய தசை சில வாரங்களில் ஓரளவு மீளக்கூடும். துடிப்பு சீர்குலைந்தால் மின் அதிர்ச்சி தந்து அதைச் சரிசெய்யும் அதிர்வுக் கருவியைப் பொருத்துவது பற்றிய முடிவையும் மருத்துவர்கள் வழக்கமாக மாரடைப்புக்குப் பின் குறைந்தது 40 நாட்கள், ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்திருந்தால் 3 மாதங்கள் கழித்தே எடுக்கிறார்கள்.

இரண்டாம் படி: உங்கள் வேலையை மருத்துவருக்குப் புரிய வையுங்கள்

மீன் பிடிப்பது என்று சொன்னவுடன் பல மருத்துவர்களின் மனத்தில் தோன்றுவது, விடுமுறை நாளில் கடற்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரின் படம். நீங்கள் செய்வதை அவர் பார்த்ததில்லை. ஒரு தாளில் உங்கள் ஒரு நாளை விடியற்காலை முதல் வரிசையாக எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், எரிபொருள் கேன் எவ்வளவு எடை, அதை எவ்வளவு தூரம் சுமக்கிறீர்கள், படகைத் தண்ணீருக்குத் தள்ளுவது யார், எஞ்சின் கயிறு இழுத்துத் தொடங்குவதா பொத்தானை அழுத்தித் தொடங்குவதா, மீன் கூடுகள் (கடலடியில் இறக்கி வைக்கும் பொறிகள்) எத்தனை, எவ்வளவு ஆழம், கரையிலிருந்து எவ்வளவு தூரம், உடன் யார்.

கூடு தூக்குவதை எடுத்துக்கொள்வோம். பாசி பிடித்த கயிறு கையில் வழுக்கும். கல் கட்டிய கூடு அடியில் பவளத்தோடு ஒட்டிக்கொண்டு முதல் இழுப்பில் அசையாது. மீனவர் இரண்டு முழங்கால்களையும் படகின் பக்கவாட்டில் முட்டுக்கொடுத்து, மூச்சை அடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிறார். நோய்வாய்ப்பட்ட இதயம் சிக்கலில் மாட்டும் கணம் அதுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு தசையை இறுக்கும்போது இரத்த அழுத்தம் திடீரென்று ஏறி, கூடு விடுபட்டு மூச்சை விட்டவுடன் திடீரென்று இறங்குகிறது. இரண்டுமே ஆபத்தானவை. நடைப்பயிற்சி எந்திரத்தில் நன்றாக ஓடிக் காட்டியவர்கூட இதில் தடுமாறலாம், ஏனென்றால் அந்தச் சோதனை கால்களின் உழைப்பை அளக்கிறதே தவிர, மூச்சடக்கி இழுக்கும் கைகளின் உழைப்பை அளப்பதில்லை.

உழைப்பை அளக்க மருத்துவர்கள் மெட் என்ற அலகைப் பயன்படுத்துகிறார்கள். சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட். படகில் உட்கார்ந்து தூண்டில் போடுவது ஏறக்குறைய 2. மிதமான தொழில்முறை மீன்பிடிப்பு 5. கடுமையானது 7 அளவுக்குப் போகும். நடைப்பயிற்சி எந்திரச் (ட்ரெட்மில்) சோதனையில் பரவலாகப் பின்பற்றப்படும் புரூஸ் முறையில் ஒவ்வொரு கட்டமும் 3 நிமிடம். முதல் கட்டத்தை முடித்தால் சுமார் 5 மெட், இரண்டாவதில் 7, மூன்றாவதில் 10. நாள் முழுவதும் செய்யும் வேலையின் சராசரி, உங்களால் எட்ட முடிந்த உச்சத்தில் ஐந்தில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது என்பது தொழில் மருத்துவத்தில் பழகிய கணக்கு. உச்சம் 7 மட்டுமே உள்ளவர் 5 மெட் வேலையை நாளெல்லாம் செய்ய முடியாது. ஆனால் களப்புக்குள் தூண்டில் போடலாம். இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் படி: காத்திருக்க வேண்டிய காலம்

மணிக்கட்டு வழியே ஸ்டென்ட் வைத்தவர் அந்தக் கையால் குறைந்தது ஒரு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது. மாரடைப்பில் சிதைந்த தசை உறுதியான வடுவாக மாற ஏறத்தாழ 6 முதல் 8 வாரங்கள் ஆகும். அதற்குள் கயிறு இழுக்கும் வேலை எதுவும் வேண்டாம். பைபாஸ் செய்தவரின் மார்பெலும்பு கூடிவர 12 வாரங்கள் வரை ஆகலாம், அதுவரை இழுப்பது, தள்ளுவது, இரு கைகளையும் அகல விரித்து வலை வீசுவது ஆகிய மூன்றும் கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர், பொருத்திய பக்கத்துக் கையை 4 முதல் 6 வாரங்கள் தோளுக்கு மேல் உயர்த்தக் கூடாது. கம்பி இடம் பெயர்ந்துவிடும் என்பதே காரணம்.

இவை எல்லாம் சிக்கலின்றித் தேறியவர்களுக்குரிய கணக்கு. சர்க்கரை நோயாளிகளுக்குப் புண் ஆற நேரமாகும். நம் தீவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலியே இல்லாமல், வெறும் மூச்சு வாங்கலாகவோ திடீர் வியர்வையாகவோ வரக்கூடும்.

நான்காம் படி: கரையிலேயே ஒத்திகை

முதல் வாரங்களில் நடைதான் மருந்து. சமதளத்தில் 5 முதல் 10 நிமிடங்களில் தொடங்கி, நாளுக்குச் சிறிது கூட்டி, ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் 30 நிமிடத் தொடர் நடைக்கு வர வேண்டும். அளவுகோல் உங்கள் பேச்சு. நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிந்தால் சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் அதிகம். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்கள் கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை நம்ப வேண்டாம். அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைப்பதால், உடல் திணறும்போதும் எண் அமைதியாகவே இருக்கும்.

வலை தைப்பதும், தூண்டில் கட்டுவதும், கூடு சீர்செய்வதும் இந்தக் காலத்துக்கேற்ற வேலைகள். பிறகு மருத்துவர் அனுமதித்ததும், கரையில் கட்டிய படகில் ஒத்திகை பாருங்கள். 5 லிட்டர் நீர் நிரப்பிய வாளியைக் கயிற்றில் கட்டி, மூச்சை வெளியே விட்டபடியே இழுத்துப் பழகுங்கள். சில நாட்கள் கழித்து 10 லிட்டர். இழுக்கும்போது ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினால் மூச்சை அடக்க முடியாது. எளிய உத்திதான், ஆனால் இந்த வழிகாட்டியில் உள்ளவற்றில் அதிகம் பயன்படுவது இதுவாக இருக்கும் என்பது என் எண்ணம்.

ஐந்தாம் படி: மாத்திரைகளைக் கடலுக்கு ஏற்ப அமைத்தல்

கடலுக்குப் போகும் இதய நோயாளிகள் தடம் புரள்வது பெரும்பாலும் இங்கேதான். சிறுநீர் பெருக்கி மாத்திரையைக் காலையில் போட்டுக்கொண்டு சிறிய படகில் ஏறினால், அடுத்த இரண்டு மூன்று மணி நேரம் படும் சங்கடம் சொல்ல முடியாது. அதனால் பலர் யாரிடமும் சொல்லாமல் அந்த மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். சில நாட்களில் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது. மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். கரை திரும்பிய பிறகு, பிற்பகலில் போட்டுக்கொள்ளும்படி அவர் மாற்றித் தரலாம். இதயச் செயலிழப்பு (இதயம் போதிய இரத்தத்தை வெளியே தள்ள முடியாத நிலை) உள்ளவர்கள் தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். மூன்று நாட்களுக்குள் 2 கிலோ ஏறினால் அது உடம்பில் தேங்கிய நீர். அன்று கடலுக்கு இல்லை, மருத்துவமனைக்கு.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரலோ டிகாக்ரெலாரோ சேர்த்து, மாரடைப்புக்குப் பின் வழக்கமாக 12 மாதங்கள் தருவார்கள். இடையில் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு வரக்கூடும். தூண்டில் முள் குத்தினால், கத்தி பட்டால் இரத்தம் எளிதில் நிற்காது என்பது உண்மைதான். அதற்கு மாத்திரையை நிறுத்துவது தீர்வல்ல. சுத்தமான துணியால் 10 முதல் 15 நிமிடங்கள், இடையே எடுத்துப் பார்க்காமல், அழுத்திப் பிடியுங்கள். செயற்கை வால்வுக்காக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர் தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதுகு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் மீனவர்களிடையே பரவலாக உண்டு. இதய நோயாளிக்கு அவை நஞ்சுக்குச் சமம்: இரத்தக் கசிவைக் கூட்டும், உடலில் நீரைத் தேக்கும், மறு மாரடைப்பின் வாய்ப்பையும் கூட்டும். பாராசிட்டமால் போதும். துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் எடுப்பவர்களின் தோல் வெயிலில் கடுமையாக எரியும். நீண்ட கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் கட்டாயம். நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் வீரியம் இழக்கும், ஆகவே அதை அதன் கண்ணாடிப் புட்டியிலேயே, நிழலில் வையுங்கள். ஸ்பிரே கிடைத்தால் இன்னும் நல்லது. ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் போன்றவற்றோடு இது சேரவே கூடாது.

தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விரத நாட்களில் மாத்திரையை விடுவதை எந்தத் தெய்வமும் கேட்கவில்லை. பட்டினியும் வெயிலும் கடலும் ஒரே நாளில் சேர வேண்டாம்.

ஆறாம் படி: படகை மாற்றுங்கள்

உடம்பை மாற்றுவதைவிடப் படகை மாற்றுவது எளிது. கயிறு இழுக்கும் எஞ்சினுக்குப் பதிலாகப் பொத்தானில் தொடங்கும் எஞ்சின் கிடைத்தால் பாதி ஆபத்து போய்விடும். அது முடியாவிட்டால், மூன்று இழுப்புக்கு மேல் நீங்கள் இழுப்பதில்லை என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். கூடு தூக்க ஒரு கப்பி பொருத்தலாம். நங்கூரக் கயிற்றின் முனையில் மிதவை கட்டி வையுங்கள். சிக்கிவிட்டால் அவிழ்த்துவிட்டு மறுநாள் வேறொருவரோடு வந்து எடுக்கலாம்.

எஞ்சினை நிறுத்தும் சுருள் கயிறு எப்போதும் ஓட்டுபவரின் மணிக்கட்டில் இருக்க வேண்டும். படகின் பின்புறம் ஒரு கயிற்று ஏணி தொங்கட்டும். களப்பு நீர் பிப்ரவரியில் சுமார் 27, 28 டிகிரி, ஆகஸ்டில் 22, 23 டிகிரி, ஆகவே குளிரால் உடனே உயிர் போகாது. ஆனால் கழுத்தளவு நீரில் இறங்கியதும் நீரழுத்தம் கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் சுமார் 700 மில்லிலிட்டர் இரத்தத்தை மார்புக்குத் தள்ளுகிறது. பலவீனமான இதயம் அந்தச் சுமையில் திணறும். சிக்கிய கூட்டை விடுவிக்க மூச்சடக்கி முங்குவதை இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் அடியோடு விட்டுவிட வேண்டும். உயிர்காப்பு அங்கியை உட்கார்ந்திருக்கும்போதும் அணிந்திருங்கள். மயங்கி விழுபவர் அணிந்துகொள்ள நேரம் கேட்பதில்லை.

பேஸ்மேக்கர் உள்ளவர்கள் ஓடும் எஞ்சினின் தீப்பொறிப் பகுதிக்கு மார்பை நெருக்கிக் குனியக் கூடாது. 30 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். கைபேசியைச் சட்டையின் எதிர்ப் பக்கத்துப் பையில் வையுங்கள். அதிர்வுக் கருவி பொருத்தியவரின் நிலை வேறு. அந்தக் கருவி அதிர்ச்சி தரும்போது அவர் சில விநாடிகள் நினைவிழக்கலாம். அவர் படகை ஓட்டுவதும், தனியே போவதும் கூடாது என்றே நான் சொல்வேன்.

ஏழாம் படி: உடன் வருபவர்

தனியே போகும் காலம் முடிந்துவிட்டது. இதை ஏற்றுக்கொள்வதுதான் பலருக்கு மாத்திரையைவிடக் கசப்பு. உடன் வருபவர் எஞ்சினை இயக்கத் தெரிந்தவராகவும், உங்கள் நோயை அறிந்தவராகவும், உங்களை மறுத்துப் பேசத் துணிந்தவராகவும் இருக்க வேண்டும். கடைசிப் பண்பு அரிது. மருமகன், “மாமா, கயித்த விடுங்க, அது என் வேலை” என்று சொல்வான். மாமா, “இருடா தம்பி, ஒரே ஒரு இழுப்புதான்” என்பார். அந்த ஒரே ஒரு இழுப்புதான் நாம் பேசிக்கொண்டிருக்கும் கால் மணி நேரத்தின் தொடக்கம். யார் எதைத் தொடுவது என்பதைக் கரையிலேயே பேசி முடித்துவிடுங்கள். கடலில் பேசினால் பெரியவர் பேச்சுத்தான் வெல்லும். உடன் வருபவருக்கு இதய மசாஜும் கற்றுக்கொடுக்க வேண்டும்: நெஞ்சின் நடுவில், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் அமுங்க, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை.

எட்டாம் படி: எந்தக் கடல், எந்த நாள்

முதல் பயணங்கள் களப்புக்குள், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், அரைக் காலைப் பொழுது மட்டும், நீங்கள் பயணியாக. வலியோ மூச்சு வாங்கலோ மறுநாள் அசாதாரணக் களைப்போ இல்லாமல் இரண்டு வாரங்கள் போனால், அடுத்து எளிய கூடுகள். அதன் பிறகே முழுக் காலை. திட்டுக்கு வெளியே, மீன் திரட்டும் மிதவைகளுக்குப் போவது கடைசி. அங்கே தூண்டிலில் மாட்டும் பெரிய சூரை மீனோடு மல்லுக்கட்டுவது உச்ச உழைப்பு. கரையோ வெகு தூரம். இதய வெளியேற்ற விகிதம் குறைவாக உள்ளவர்கள் அந்தக் கடைசிப் படியை ஏறவே வேண்டாம்.

ஜூலை, ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று பலமாக வீசும். தெற்கிலிருந்து பேரலைகள் வந்து திட்டு வாயை அடைக்கும். வாக்வாவில் உள்ள வானிலை மையத்தின் அறிக்கையை முந்தைய இரவும் விடியற்காலையும் கேளுங்கள். மற்றவர்கள் போகும் நாளிலும் உங்களுக்கு விடுப்பு இருக்கலாம். கடல் மோசமான நாட்களுக்குப் பதிவு பெற்ற மீனவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகையை விட்டுவிடாதீர்கள். வேலைக்குப் போக முடியாத மாதங்களுக்கு என்ன கிடைக்கும் என்று மீனவர் நல நிதியத்திலும் விசாரியுங்கள். பணத் தட்டுப்பாடு பலரை அவசரமாகக் கடலுக்குத் தள்ளுகிறது.

சிறு குறிப்பு ஒன்று: திட்டில் பிடித்த பெரிய மீன்களில் சில நேரம் சிகுவாடெரா நஞ்சு இருக்கும். அது நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கக்கூடியது. பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்கு அது இரட்டை ஆபத்து. சந்தேகமான மீனை வீட்டுச் சட்டிக்குக் கொண்டுபோக வேண்டாம். கருவாடும் ஊறுகாயும் உப்பு மிகுந்தவை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: கடலில் வலி வந்தால்

நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, திடீர் மூச்சு வாங்கல் ஆகியவற்றில் எது வந்தாலும் கூட்டையும் வலையையும் அப்படியே விட்டுவிடுங்கள். நோயாளி படகின் அடித்தளத்தில், முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். நைட்ரோகிளிசரினை நின்றபடி எடுத்தால் அழுத்தம் இறங்கிக் கடலில் விழலாம். மற்றவர் உடனே படகைக் கரைக்குத் திருப்ப வேண்டும். முதல் மருந்துக்குப் பின் 5 நிமிடங்களில் வலி அடங்காவிட்டால், வி.எச்.எஃப் வானொலிக் கருவியின் 16-ஆம் அலைவரிசையில் கடலோரக் காவல் படையை அழையுங்கள். கைபேசிச் சிக்னல் இருந்தால் 114-இல் சாமு மருத்துவ ஊர்தியைத் படகு கரை சேரும் இடத்துக்கு வரச் சொல்லுங்கள். மருத்துவர் முன்பே சம்மதித்திருந்தால், ஒவ்வாமை இல்லாதவர் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். வலி அடங்கிவிட்டது என்று மீண்டும் தூண்டில் போடும் பேச்சே வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பத்தாம் படி: பின்னோக்கி இறங்கும் விதி

புதிய மாத்திரை தொடங்கினாலோ, அளவு மாறினாலோ, காய்ச்சலில் படுத்தாலோ, ஒரு படி கீழே இறங்கி இரண்டு வாரங்கள் அங்கேயே இருங்கள். எல்லாம் நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்லும் சோதனைகளை முடித்து, இரண்டாம் படியில் எழுதிய தாளை அவர் முன் மறுபடியும் வையுங்கள். அந்தத் தாளிலுள்ள சில வரிகளை அவர் அடித்துவிடலாம்: வெளிக்கடல், கயிறு இழுத்தல், படகு ஓட்டுதல். மீதமுள்ள வரிகளை வைத்தே அடுத்த ஆண்டுத் தொழிலை, மருமகனுக்கோ தம்பிக்கோ தர வேண்டிய பங்கையும் சேர்த்து, திட்டமிட வேண்டும்.